இருபத்தொன்பதாம் வாரம்

பிப்ரவரி. கடல் இறுகிக் கிடக்கிறது.
ஹியூமா தீவுக்குப் பனிக்கட்டியின் மேலேயே
சாலை திறந்துவிட்டார்களாம், செய்தியில் சொன்னார்கள்.
நான் தார்த்துவில், மூன்றாம் மாடியில்,
சமையலறை மேசையில் காலண்டரை விரித்து
நீச்சலுடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விவாகரத்தில் நீதிபதி
கடற்கரைக் குடிலை வாரங்களாக வெட்டிக் கொடுத்தார்.
ஒற்றைப்படை எனக்கு,
இரட்டைப்படை தார்வோவுக்கு.
அலைக்கு இந்த ஏற்பாடு தெரியாது.
அவன் வாரத்தில் அவன் தொலைத்த செருப்பை
போன ஜூலையில் என் வாரத்தில்
கொண்டுவந்து ஒதுக்கிவிட்டுப் போனது.

இங்கே யாரும் தேதி சொல்வதில்லை.
பல் பிடுங்குவது, கார் பழுதுபார்ப்பது,
எல்லாவற்றுக்கும் வார எண்தான்.
அதில் இருபத்தொன்பதுக்குத் தனி மவுசு.
ஆழமில்லாத அந்த வளைகுடா
சேர்த்துவைத்த வெயிலை
அந்த ஒரு வாரம்தான் கைமாற்றாகத் தரும்.
பதினெட்டு டிகிரி. அதிர்ஷ்டமிருந்தால் பத்தொன்பது.
"ஐயோ" என்று சொல்லாமல்
இடுப்புவரை இறங்கலாம்.
இருபத்தேழில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பட்டியல் எழுதத் தொடங்கினேன்.
நீச்சலுடை, ஒன்று.
கம்பளிக் காலுறை, மூன்று ஜோடி.
(தெற்கே இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிப்பார்கள்.)
கொசு மருந்து.
காற்றுத் தடுப்புத் துணி கிழிந்திருக்கிறதா என்று
சுருளைப் பிரித்தேன்.
போன வருட மணல்
பிப்ரவரியின் மேல் கொட்டியது.

அப்போதுதான் போன் வந்தது. தார்வோ.
எதையோ கேட்கப் போகிறவன் போல
வானிலையில் ஆரம்பித்தான்.
"லேலோ, இந்த வருஷம் மட்டும்
இருபத்தொன்பதைத் தருவாயா?
குழந்தைக்கு அப்போது ஆறு மாதம்.
முதல் தடவை காலை நனைக்கப் போகிறோம்.
பதினாறு டிகிரியில் நனைத்தால்
ஆயுசுக்கும் கடலைக் கண்டு அழுவாள் என்கிறாள் மெரிகே."
பின்னால் ஒரு சின்ன விக்கல் கேட்டது.
நின்றது. மறுபடி கேட்டது.

நான் உடனே பதில் சொல்லவில்லை.
கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.
பன்னிரண்டு வருடம் கூட இருந்தேன்,
எதையும் அவன் கேட்டு வாங்கியதில்லை,
எடுத்துக்கொள்வான்.
கேட்கிற தார்வோ எனக்குப் புதிது.

விரல் அதுபாட்டுக்கு ஆகஸ்டுக்கு நகர்ந்தது.
முப்பத்து மூன்று என்னுடையது.
முப்பத்தைந்தும் என்னுடையது.
நடுவே முப்பத்து நான்கு,
பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி, அவனுடையது.

"முப்பத்து நான்கைக் கொடு."
"அதுவா? அப்போது யார் போவார்கள்?
தண்ணீர் பதினைந்துக்கு இறங்கிவிடும்.
கடையைக்கூட மூடிவிடுவார்கள்."
"கொடு."
சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.
என்னை ஏமாற்றுகிறோமோ என்று அவனுக்குச் சந்தேகம்.
"சௌனா புகைக்கூண்டையும்
நானே சுத்தம் பண்ணிவைக்கிறேன்" என்றான்.
அதையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம்.
நடுவில் தையலில்லாத ஒரே துணி.
ஐஸ்கிரீம் வண்டி போயிருக்கும்,
வாடகை சைக்கிள்களைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார்கள்.
கடைசிச் சனிக்கிழமை கரை நெடுக நெருப்பு மூட்டுவார்கள்,
ஒன்றிலிருந்து பார்த்தால்
அடுத்தது தெரிகிற தூரத்தில்.
காலையில் தண்ணீருக்குள் போய்
"ஐயோ" என்பேன், வாய்விட்டு.

கெட்டில் கூவியது.
பட்டியலுக்குத் திரும்பினேன்.
காலுறையில் மூன்றை அடித்து ஐந்தாக்கினேன்.
இன்னும் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது.

ஜூலையில் அங்கே இருட்டுவதில்லை.
இரவு பதினொன்றுக்கு வாசற்படியில் உட்கார்ந்து
பேப்பர் படிக்கலாம்.
இத்தனை வருடத்தில்
அந்தக் குடிலிலிருந்து
ஒரு நட்சத்திரத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

மணலை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதினேன்:
டார்ச் லைட்.
பேட்டரி, நான்கு.